ஆபிரிக்க டவுன்ஷிப்பில் தொண்டு: போகுமுன் குடித்தனம் பழகுங்கள்

ஆசிரியர் அவர்கட்கு,

ஆபிரிக்க நாடுகளுக்குத் தொண்டராகப் போகும் தம்பதியருக்குக் கொடுக்கப்படும் கையேடுகளில் சேவை, மனிதநேயம், பண்பாட்டுப் பரிமாற்றம் எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கும். அங்கே மின்சாரம் எப்படி வாங்குவது, அடுப்பில் எதை வைப்பது, வேனில் காசை யாரிடம் நீட்டுவது என்பதெல்லாம் இருக்காது. மலையகத்திலும் ஆசிரியர், தாதியர், முன்பள்ளி நடத்துபவர் என்று கணவன் மனைவியாக இப்படிப் போக நினைப்பவர்கள் உண்டு. அவர்களுக்காகத் தென்னாபிரிக்காவில் டவுன்ஷிப் எனப்படும் புறநகர்க் குடியிருப்பின் அன்றாட விபரங்களைத் தங்கள் பத்திரிகையில் எழுத விரும்புகிறோம். டர்பன் நகரை அடுத்த குவாமாஷு, இனாண்டா போன்ற இடங்களை மனதில் வைத்தே எழுதுகிறோம். ஜொகனஸ்பேர்க் பக்கம் மாறுபடுகிற இடங்களில் அதையும் சொல்கிறோம்.

நாங்கள் வலியுறுத்துவது ஒன்றைத்தான். தன் குடித்தனத்தைத் தானே நடத்தத் தெரியாத தொண்டர் போன இடத்தில் விருந்தாளி ஆகிவிடுகிறார். அவருக்குத் தண்ணீர் பிடித்துக் கொடுப்பது, மின்சாரம் தீர்ந்தால் கடைக்கு ஓடுவது, இருட்டுமுன் வேன் ஏற்றிவிடுவது எல்லாம் அந்த வீட்டுக்காரம்மாவின் தலையில் விழுகிறது. அவருக்கு ஏற்கெனவே பேரப்பிள்ளைகள் நான்கைந்து பேர் இருப்பார்கள். ஆகவே முதல் மாதத்தை வீட்டு வேலை பழகுவதற்கென்றே ஒதுக்குங்கள். மொத்தமே இரண்டு மூன்று வாரம்தான் தங்குவீர்கள் என்றால், போகாமல் விமானச் சீட்டுக் காசை அங்கே அனுப்பிவிடுவது மேல்.

டவுன்ஷிப் என்பது தானாக வளர்ந்த சேரி அல்ல. நிறவெறி ஆட்சி 1950ஆம் ஆண்டின் குழுப் பிரதேசச் சட்டம் போன்றவற்றைக் கொண்டு மக்களை இனவாரியாகப் பிரித்து நகரத்துக்கு வெளியே கொண்டுபோய்க் குடியமர்த்திய இடம். டர்பனில் கேட்டோ மேனரிலிருந்து அகற்றப்பட்ட ஆபிரிக்கருக்கென 1950களின் கடைசியில் குவாமாஷு கட்டப்பட்டது. 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்ட இந்தியரின் சந்ததியினர், தமிழர் உட்பட, சற்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் என்ற டவுன்ஷிப்களுக்கு அனுப்பப்பட்டனர். இந்த வரலாறு தெரியாமல் போனால் வேலைத்தலங்கள் ஏன் இவ்வளவு தூரத்தில் இருக்கின்றன, சம்பளத்தில் பெரும்பங்கு ஏன் வேன் கட்டணத்துக்குப் போகிறது என்பது விளங்காது.

தொண்டர் தம்பதிக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு வீட்டின் பின்வளவில் கட்டிய தனி அறை. நம் லயத்துக் காம்பரா அளவுதான் இருக்கும். தண்ணீர்க் குழாயும் கழிவறையும் முற்றத்தில், வீட்டுக்காரருடன் பொது. பீலிக்கரையில் வரிசை நின்று பழகிய நம்மவருக்கு இது பெரிய அதிர்ச்சி அல்ல. ஐரோப்பாவிலிருந்து வருபவர்களைவிட நமக்கு ஒரு படி முன்னிலை உண்டு என்றே சொல்லலாம். தகரக் கூரை மதியம் கொதிக்கும், குளிர்காலத்து விடியலில் உள்பக்கம் வியர்த்துச் சொட்டும். கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். சுவருக்குக் காகித அட்டை ஒட்டுவது அங்கே வழக்கம், ஆனால் அடுப்பு உள்ள பக்கத்தில் ஒட்டவே கூடாது.

மின்சாரம்தான் முதலில் தலையைச் சுற்றவைக்கும். மாதக் கடைசியில் பில் வருவதில்லை. முன்கூட்டியே காசு கட்டி வாங்க வேண்டும். கடையிலோ தொலைபேசி வழியாகவோ மீற்றர் இலக்கத்தைக் கொடுத்துப் பணம் கட்டினால் 20 இலக்கங்கள் கொண்ட ஒரு குறியீடு கிடைக்கும். அதை மீற்றரின் பொத்தான்களில் அழுத்தினால் அலகுகள் ஏறும். நான்கு நான்கு இலக்கமாக ஒருவர் வாசிக்க மற்றவர் அழுத்துவதே பிழை வராத வழி. அலகு ஏறும்வரை குறியீடு உள்ள துண்டைக் கசக்கி எறிய வேண்டாம். 2024 நவம்பர் 24க்குள் நாடு முழுதும் இந்த மீற்றர்களுக்குப் புதிய திறவுக் குறியீடு ஏற்ற வேண்டியிருந்தது. ஏற்றாமல் விட்ட மீற்றர் புதிதாக வாங்கும் எந்தக் குறியீட்டையும் ஏற்காது. அறை எடுக்கும்போது இதைக் கட்டாயம் கேட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்த சிக்கல், இணைப்பு எவ்வளவு மின்சுமை தாங்கும் என்பது. வருமானம் குறைந்த குடியிருப்புகளில் பல வீடுகளுக்கு 20 ஆம்பியர் இணைப்புதான். 230 வோல்ட்டில் கணக்குப் பார்த்தால் மொத்தம் 4,600 வாட். கேத்தல் ஒன்று 2,000 வாட், இரட்டைத் தட்டு மின்னடுப்பு இன்னொரு 2,000 வாட், இஸ்திரிப் பெட்டி 1,200 வாட். வீட்டுக்காரம்மா சமைக்கும் நேரத்தில் பின்னறையில் நீங்கள் கேத்தலையும் இஸ்திரியையும் போட்டால் இரண்டு வீடும் இருண்டுபோகும். காலை ஐந்து முதல் ஏழு வரையும் மாலை ஐந்து முதல் எட்டு வரையும் சூடாக்கும் எதையும் போடாமல், கொதித்த நீரை ஃபிளாஸ்கில் முன்கூட்டியே ஊற்றி வைத்துக்கொள்வது நல்லது. செலவைப் பிரிக்கத் தனி உபமீற்றர் இல்லாவிட்டால் மாதம் இவ்வளவு என்று முதல் நாளே பேசி முடியுங்கள். பிறகு பேசினால் மனக்கசப்பு.

2022இல் நாம் பட்ட மின்வெட்டை அங்கே 2007 முதலே பட்டு வந்தார்கள். 2023 மிக மோசமான ஆண்டு. 2024 மார்ச் கடைசிக்குப் பின் நிலைமை வெகுவாகச் சீரடைந்தது. ஆனாலும் கள்ள இணைப்புகளால் டிரான்ஸ்ஃபோமர் சுமை தாங்காத பகுதிகளில் காலையும் மாலையும் மின்சாரத்தை நிறுத்தும் வழக்கம் தொடர்ந்தது. மின்சாரம் திரும்பி வரும் கணத்தில் அழுத்தம் எகிறுவதால் குளிர்சாதனப் பெட்டியும் சார்ஜரும்தான் முதலில் பழுதாகும். மின்சாரம் போனவுடன் பிளக்கைக் கழற்றி, வந்தபின் ஐந்து நிமிடம் பொறுத்து மாட்டுங்கள். பிளக்கைப் பற்றியும் சொல்லவேண்டும்: நம் பழைய வீடுகளில் இருந்த 15 ஆம்பியர் உருண்டை முனைப் பிளக்தான் அங்கே பொது. கொழும்பில் விற்கும் எல்லா நாட்டுக்குமான அடப்டர்கள் பலவற்றில் அந்தப் பெரிய முனை இருக்காது. அங்கே போய் வாங்குவதே சரி.

காஸ் அடுப்பு வைத்துக்கொள்வது மேல். அங்கே 9 கிலோ சிலிண்டர் இரண்டு பேருக்கு வசதி. ஒரு அடுப்பு நடுத்தரத் தீயில் மணிக்கு ஏறத்தாழ 150 கிராம் எரிக்கும் என்று வைத்தால் 60 மணி நேரம் வரும். இங்கிருந்து ரெகுலேட்டர் கொண்டுபோக வேண்டாம், பொருந்தாது. அங்கத்தைய வால்வின் மரை இடமரை: வழமைக்கு எதிர்ப்பக்கம், அதாவது கடிகாரச் சுற்றுக்கு மாறாகத் திருப்பினால்தான் இறுகும். தெரியாமல் மறுபக்கம் முறுக்கி மரையைக் கெடுப்பவர்கள் அதிகம். முனையிலுள்ள ரப்பர் வளையம் வெடித்திருந்தால் எவ்வளவு இறுக்கினாலும் கசியும்; சவர்க்கார நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள்.

அயல்வீடுகளில் மண்ணெண்ணெய் அடுப்பே அதிகம். மலிவான அடுப்பு சரிந்தால் தகரக் குடில் ஒன்று எரிவதோடு நிற்காது, காற்றடித்தால் வரிசையே போய்விடும். இன்னொரு ஆபத்து, மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் வைப்பது. சிறு பிள்ளைகள் தண்ணீரென்று குடித்துவிடுகிறார்கள். குடித்த பிள்ளையை வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. எண்ணெய் நுரையீரலுக்குள் போய்விடும். நேரே கிளினிக்குக்குக் கொண்டுபோக வேண்டும். முன்பள்ளியில் வேலை செய்யப் போகிறவர்கள் பெற்றோருக்குச் சொல்லவேண்டிய முதல் பாடம் இது. ஜொகனஸ்பேர்க் பக்கம் இதற்கு இணையான ஆபத்து கரி அடுப்பு. அந்த நகரம் நுவரெலியாவுக்குச் சற்றே குறைந்த உயரத்தில், 1,700 மீற்றருக்கு மேல் இருக்கிறது. ஜூன் முதல் ஓகஸ்ட் வரை குளிர்காலம், உறைபனியும் விழும். துளையிட்ட தகர வாளியில் கரி மூட்டி இரவில் அறைக்குள் எடுத்து வந்து கதவைச் சாத்தினால் கார்பன் மொனொக்சைட் வாயுவில் தூக்கத்திலேயே உயிர் போகும். தணல் சட்டியை அறைக்குள் வைக்கும் நம் குளிர்ப் பிரதேசத்தாரும் இதைக் கவனிக்கலாம்.

சாப்பாட்டுக்கு வருவோம். அங்கத்தையப் பிரதான உணவு வெள்ளைச் சோள மா. அரிசி கிடைக்கும், பெரும்பாலும் புழுங்கல் வெள்ளை அரிசி; சிவப்பரிசியை மறந்துவிடுங்கள். இரண்டு பேருக்கு ஐந்து கிலோ மாப் பை போதும். பெரிய பை கிலோவுக்கு மலிவுதான், ஆனால் டர்பனின் ஈரப்பதத்தில் வண்டு விழும். சூலு மக்கள் விரும்பும் உதிரி மாப் பதத்துக்கு உப்பூத்து என்று பெயர். இரண்டு கப் தண்ணீரை ஒரு தேக்கரண்டி உப்புடன் கொதிக்கவிட்டு, மூன்று கப் மாவை நடுவில் குவியலாகக் கொட்டுங்கள். கிளறக்கூடாது. மூடி, மிகச் சிறு தீயில் ஐந்து முதல் பத்து நிமிடம் விட்டு, பிறகு முள்ளுக்கரண்டியால் உதிர்த்து, மறுபடி மூடி இருபது முதல் முப்பது நிமிடம் வைக்க வேண்டும். கொட்டியவுடன் கிளறினால் கட்டி விழும். தண்ணீர் கூடினால் களியாகும். அதுவும் அங்கே உண்ணும் பதம்தான், ஆனால் வேறு உணவு. தீ கூடினால் அடி பிடித்து மேல்மா வேகாமல் நிற்கும். இதனுடன் அமாசி என்ற புளித்த பாலோ, அவரை விதைக் கறியோ, கோவா வதக்கலோ சேர்ப்பார்கள். உடைத்த சோளமும் அவரை விதையும் சேர்த்து அவிப்பது இன்னொன்று. இரவு முழுதும் ஊறவைத்து, நாற்பது நிமிடம் கொதிக்கவிட்டு, பானையை அப்படியே கம்பளியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு வேலைக்குப் போங்கள். நான்கைந்து மணி நேரத்தில் தன் சூட்டிலேயே வெந்திருக்கும். முழுதும் அடுப்பில் வைத்தால் காஸில் பாதி இதற்கே போய்விடும்.

கறித்தூளுக்கு டர்பனில் பஞ்சமில்லை. விக்டோரியா தெருச் சந்தையில் மிளகாய்த்தூள், மசாலா குவியல் குவியலாக இருக்கும். அதிகக் காரமானவற்றுக்கு மாமியார் பெயரைச் சூட்டி விற்பார்கள். கறிவேப்பிலையும் தாராளம். மாசிக் கருவாட்டை அங்கே தேடி அலைய வேண்டாம். விதை, நாற்று எதையும் அனுமதிப்பத்திரம் இல்லாமல் கொண்டுபோகக் கூடாது. தேயிலை கொண்டுபோங்கள், ஆனால் வடியையும் சேர்த்துக் கொண்டுபோங்கள்; அங்கே எல்லாம் பைத் தேயிலை என்பதால் தூள் தேயிலையை என்ன செய்வதென்று விழிப்பார்கள்.

கடைக்குப் போகும் நாளையும் பார்த்துப் போகவேண்டும். மாதத்தின் முதல் சில நாட்களில் அரசாங்க உதவித்தொகை வழங்கப்படும்: முதலில் முதியோருக்கு, அடுத்து மாற்றுத்திறனாளிகளுக்கு, பிறகு பிள்ளைகளுக்கு. அந்த நாட்களில் சுப்பர்மார்க்கெட்டிலும் வங்கி இயந்திரத்திலும் வரிசை தெருவுக்கு வரும், திருடரும் வருவார்கள். கையில் காசுள்ள நீங்கள் அந்த வரிசையை நீட்டாமல் மாத நடுவில் வாங்குங்கள். சில்லறைச் சாமான்களுக்கு ஸ்பாசா என்ற வீட்டுக் கடைகள் உண்டு. எலி மருந்து மட்டும் தெருவில் வாங்காதீர்கள். 2024 ஒக்டோபரில் ஜொகனஸ்பேர்க்கை அடுத்த சொவேட்டோவின் நலேடியில் ஆறு பிள்ளைகள் இறந்ததற்குக் காரணம் டெர்புஃபொஸ் என்ற பயிர்க் கிருமிநாசினி என்று கண்டறியப்பட்டது. அதையே தெருவில் எலிக்கென்று சட்டவிரோதமாக விற்கிறார்கள்.

தண்ணீர் குழாயில் வருவது குடிக்கத் தக்கதே, வரும் நாட்களில். 2022 ஏப்ரல் வெள்ளம் டர்பனிலும் அதைச் சூழ்ந்த மாகாணத்திலும் 400க்கு மேற்பட்டோரைப் பலிகொண்டதோடு நீர்க் குழாய்களையும் பெரிதாகச் சிதைத்தது. குழாய் வரண்டால் பவுசர் என்ற தண்ணீர் வண்டிதான். மூடியுள்ள 25 லீற்றர் கலன் இரண்டை எப்போதும் நிரப்பி வைத்திருங்கள். பவுசர் நீருக்கு வாசனை சேர்க்காத வீட்டு பிளீச் திரவம் ஒரு தேக்கரண்டி 25 லீற்றருக்கு ஊற்றிக் கலக்கி, இரண்டு மணி நேரமாவது, முடிந்தால் ஓர் இரவு விட்டுக் குடிக்கலாம். நீர் கலங்கியிருந்தால் முதலில் துணியில் வடிக்க வேண்டும். சேறு குளோரினைத் தின்றுவிடும்.

பயணம் முழுதும் 15, 16 பேர் ஏறும் வேன்களில்தான். அதைத்தான் அங்கே டாக்ஸி என்கிறார்கள். நிரம்பினால்தான் புறப்படும். நடத்துநர் இல்லாத வண்டியில் பின்வரிசையார் காசை முன்வரிசைக்குக் கடத்த, சாரதியின் பக்கத்தில் இருப்பவர் எண்ணி மீதி கொடுப்பார். கணக்கில் மந்தமானவர்கள் அந்த ஆசனத்தில் உட்கார வேண்டாம். 200 ராண்ட் தாளை நீட்டினால் வண்டியே முணுமுணுக்கும். நிறுத்தத்துக்கு மணி கிடையாது, வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: சமிக்ஞை விளக்கைத் தாண்டி என்றால் ‘ஆஃப்டர் ரோபோட்’, இடப்பக்கம் உடனே என்றால் ‘ஷோட் லெஃப்ட்’. யன்னலைத் திறந்து வையுங்கள், காசநோய் அதிகமுள்ள நாடு. மற்றவர்கள் குளிரென்று மூடினால் உங்கள் பக்கத்தையாவது ஒரு விரற்கடை திறங்கள். இருட்டிய பின் வெளியில் இருக்காமல் வேலையை ஒழுங்குபடுத்துவது அவசியம்.

பழகும் முறையில் நமக்குக் கடினம் இல்லை. பெயர் சொல்லி அழைக்காமல் உறவு சொல்லி அழைப்பது அங்கும் வழக்கம்: தாய் வயதினர் மாமா, தந்தை வயதினர் பாபா, பாட்டிமார் கோகோ, சமவயதினர் சிசி, பூட்டி. எதைக் கேட்பதானாலும் முதலில் வணக்கம். ஒருவருக்கு ‘சவுபோனா’, பலருக்கும் பெரியவர்களுக்கும் ‘சனிபோனானி’. கடைக்குள் நுழைந்தவுடன் விலை கேட்பது அவமரியாதை. கொடுப்பதும் வாங்குவதும் இரு கைகளால். இளையவர் பெரியவரின் கண்ணைப் பார்க்காமல் பேசினால் அது மரியாதை. கள்ளம் என்று வெளிநாட்டு ஆசிரியர்கள் தவறாக எடுப்பதுண்டு. கலியாணமாகிப் பிள்ளை இல்லாத தம்பதியிடம் ஏன் இல்லை என்று நேரே கேட்பார்கள். மலையகத்தில் வளர்ந்தவருக்கு இந்தக் கேள்வி புதிதா என்ன!

சனிக்கிழமைகளை வேறு வேலைக்கு ஒதுக்காதீர்கள், அது சாவு வீட்டு நாள். பெண்கள் தலையும் தோளும் மூடிப் பாவாடை அணிந்து போக வேண்டும். போகாத தொண்டரை வேலைக்காரராகத்தான் பார்ப்பார்கள். நம் சீட்டு, மரண உதவிச் சங்கம் இரண்டுக்கும் இணையானவை அங்கும் உண்டு. அழைத்தால் சிறு தொகையுடன் சேருங்கள், ஆனால் பொருளாளர் பதவியை மட்டும் ஏற்காதீர்கள். வெளிநாட்டவர் கையில் காசு இருந்தால் பற்றாக்குறையை அவரே நிரப்பிவிடுவார் என்ற எதிர்பார்ப்பு வந்துவிடும்.

நம் தோற்றம் பற்றி வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். குவாமாஷுவிலும் இனாண்டாவிலும் தமிழ் முகத்தைப் பார்த்தால் ஃபீனிக்ஸ் இந்தியர் என்றோ, ஸ்பாசா நடத்தும் பங்களாதேஷ்காரர் என்றோதான் நினைப்பார்கள். 2021 ஜூலைக் கலவரத்தில் ஃபீனிக்ஸில் 30க்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர், பெரும்பாலும் ஆபிரிக்கர். இரு சமூகத்துக்கும் இடையில் அந்த வடு ஆறவில்லை. 2008 மேயில் வெளிநாட்டவர் மீதான தாக்குதல்களில் நாடு முழுதும் 62 பேர் இறந்தனர். ஐரோப்பியத் தொண்டர்களுக்காக எழுதிய கையேடு இதைப் பற்றிப் பேசாது. முதல் வாரம் வீட்டுக்காரம்மாவுடன் தெருவில் நடந்து, சபைத் தலைவர், பாதிரியார், கடைக்காரர் என்று அறிமுகமாகிவிடுங்கள். ஃபீனிக்ஸிலோ சற்ஸ்வர்த்திலோ உள்ள கோயிலுக்குப் போகலாம், போகவும் வேண்டும். ஆனால் அங்கே கேட்கும் ‘அவர்கள் அப்படித்தான்’ பேச்சை இங்கே காவி வரக்கூடாது, இங்கத்தையதை அங்கேயும்.

கிளினிக்கில் வேலை செய்பவருக்கு ஒன்று. தென்னாபிரிக்காவில் எச்.ஐ.வி. உடன் வாழ்பவர்கள் 70 இலட்சத்துக்கும் அதிகம். மாத்திரை எடுக்க வரிசையில் நிற்பவரை மறுநாள் சந்தையில் கண்டால் கிளினிக்கில் கண்டதாகக் காட்டிக்கொள்ளாதீர்கள். நோயாளிக்குப் போட்ட ஊசி தவறி உங்கள் கையில் குத்தினால் 72 மணி நேரத்துக்குள் எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். அது எங்கே கிடைக்கும் என்பதை வேலை தொடங்கும் அன்றே கேட்டு வையுங்கள்.

வீசா வகை முக்கியம். சுற்றுலா வீசாவில் போய்த் தொண்டு செய்வது சட்டப்படி சரியல்ல. தொண்டுப் பணிக்கென விருந்தினர் வீசாவில் தனி ஏற்பாடு உண்டு, கொழும்பிலுள்ள தென்னாபிரிக்க உயர்ஸ்தானிகராலயத்தில் கேளுங்கள். நைரோபி, அடிஸ் அபாபா வழியாகப் போய் அங்கே 12 மணி நேரத்துக்கு மேல் தங்க நேர்ந்தால் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி அட்டை கேட்பார்கள். ஊசி பயணத்துக்குப் பத்து நாள் முன்னராவது போட்டிருக்க வேண்டும். தொலைபேசி சிம் பதியக் கடவுச்சீட்டுடன் முகவரி அத்தாட்சியும் வேண்டும், வீட்டுக்காரரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். அங்கே இரவு எட்டு மணி இங்கே பதினொன்றரை; அம்மாவுக்கு அழைப்பது ஆறு மணிக்கு முன் என்று வைத்துக்கொண்டால் வீட்டில் யாரும் விழித்திருக்க வேண்டியதில்லை.

கடைசியாக மலேரியா. டர்பன், ஜொகனஸ்பேர்க், கேப் டவுனில் அது இல்லை. மொசாம்பிக், மலாவி, சாம்பியா, உகண்டா போகிறவர்களுக்கும், தென்னாபிரிக்காவின் வடகிழக்கு எல்லைப் பக்கம் போகிறவர்களுக்கும் தடுப்பு மாத்திரை கட்டாயம். சுகாதார அமைச்சின் மலேரியாத் தடை இயக்கம் அதை இலவசமாகத் தருகிறது. வகையைப் பொறுத்துப் பயணத்துக்கு இரண்டு மூன்று வாரம் முன்னரே தொடங்கி, திரும்பிய பின்னும் நான்கு வாரம் விழுங்க வேண்டியிருக்கும். ஊர் வந்தாயிற்று என்று பாதியில் நிறுத்துபவர்களே அதிகம். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது, ஆனால் அதைப் பரப்பும் நுளம்பு இங்கே இன்னும் இருக்கிறது. நம் தோட்ட டிஸ்பென்சரிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் உள்ள இளம் வைத்தியர்கள் மலேரியா நோயாளியைக் கண்டிருக்கவே மாட்டார்கள். காய்ச்சல் என்றால் டெங்கு என்றுதான் முதலில் பார்ப்பார்கள். திரும்பி வந்து ஒரு வருடத்துக்குள் எந்தக் காய்ச்சல் வந்தாலும், ஆபிரிக்காவில் இருந்து வந்தோம், மலேரியாவுக்கு இரத்தம் பாருங்கள் என்று நீங்களே வாய்திறந்து சொல்ல வேண்டும்.

இங்ஙனம்,
ஓர் ஆசிரியத் தம்பதி,
ஹட்டன்.